அடுக்களையிலும் ஆண்டவர் சந்நிதி
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கடவுள் எங்கும் நிறைந்தவர் என்பதைச் சிறுபிராயத்திலேயே கற்றுக்கொண்டோம். ஆயினும் நம் நடக்கையை நோக்குமிடத்து, அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆலயத்தில் மாத்திரம் இருப்பவர் என்று எண்ணுகிறோம் போலும். மற்ற ஆறு நாட்களும் அடுப்படிக்கும் கடைக்கும் வயலுக்கும் உரியனவாகிவிடுகின்றன. வாழ்நாளின் பெரும்பாகம் கடவுள் நினைவின்றிக் கழியுமாயின், எஞ்சிய சிறுபாகத்தின் பக்தியால் யாது பயன்?

இவ்விஷயத்தில் நமக்கு வழிகாட்டத்தக்கவர் பிரான்சு தேசத்துச் சமையற்காரர் ஒருவர். லொரேன் நாட்டில் ஏழைக் குடியிற் பிறந்த நிக்கோலா எர்மான் என்பவர், போர்வீரராயிருந்து காயமுற்று, 1640-ம் வருஷத்தில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்திற் சேர்ந்து, லாரன்ஸ் சகோதரர் எனப் பெயர் பெற்றார். அவருக்குக் கிடைத்தது அடுக்களை வேலை; அதுவோ அவர் இயல்பாகவே வெறுத்த தொழில். எனினும் பல்லாண்டு அதனைச் செய்தார்; பின்னர் மடத்தாரின் பாதரட்சைகளைச் செப்பனிட்டு வந்தார்.

ஜெபவேளைக்கும் வேலைநேரத்திற்கும் அவர் வேற்றுமை காணவில்லை. வேலை தொடங்குமுன் கடவுளின் துணையை வேண்டுவார். செய்யுங்கால் அவரை நினைப்பார். நன்கு முடிந்தால் நன்றி செலுத்துவார். குறை நேர்ந்தால் மன்னிப்புக் கேட்டு, மனஞ்சோராது மீண்டும் தொடங்குவார். இப்பழக்கம் எளிதில் வந்ததன்று. முதற் பத்தாண்டுகள் தாம் மிக வேதனையுற்றதாக அவரே கூறியிருக்கிறார். 1691-ம் வருஷத்தில் அவர் இறந்தபின் தொகுக்கப்பட்ட அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் கத்தோலிக்கரும் பிராட்டஸ்டாண்டுகளும் ஒருங்கே போற்றிப் படிக்கின்றனர்.

நிற்க. வேலையின் நடுவே கடவுளை நினைத்தால் மாத்திரம் போதுமோ? லூக்கா சுவிசேஷம் 24-ம் அதிகாரத்தை நோக்குவோம். எம்மாவூருக்குச் சென்ற சீஷர் இருவரோடு உயிர்த்தெழுந்த கிறிஸ்துவே நடந்தார். அவர்களோ அவரை அறியவில்லை. பொழுது சாய்ந்தது, வழிப்போக்கர் தங்களுடன் தங்கவேண்டுமென்று அவர்கள் வருந்தி அழைத்தனர். பந்தியில் அவர் அப்பத்தைப் பிட்டபோதே அவர்கள் கண்கள் திறந்தன. அந்நியரென்று கருதி அவரை வழியனுப்பியிருப்பார்களாயின், ஆண்டவர் அருகில் நடந்ததை அறியாமலே உறங்கியிருப்பார்கள் அல்லவா?

மத்தேயு 25-ம் அதிகாரமோ நம்மை இன்னும் நடுங்கச் செய்கிறது. பசித்தோருக்கு உணவளித்தவரும் அளியாதவரும் ஆகிய இருதிறத்தாரும், ஆண்டவரை எப்பொழுது கண்டோம் என்றே வினவுகின்றனர். இருவரும் அவரை அறிந்திலர். ஒருவர் அன்பு செய்தனர், மற்றவர் செய்திலர். ஆகவே கடவுள் சந்நிதியை உணர்ந்தோம் என்பதற்கு உள்ளத்தின் உருக்கம் மாத்திரம் சான்றாகாது. அருகிலிருப்போரை நாம் நடத்தும் விதமே சான்றாகும். ஜெபம் முடிந்த நாழிகையிலேயே வேலையாளை வைது, தராசைச் சாய்த்து, வாயிலில் நிற்கும் எளியவரைத் துரத்துவோமாயின், நாம் யாரைத் துரத்துகிறோம் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

பெரிய தவங்கள் நம்மிற் பலருக்கு இயலா. அடுப்பு மூட்டும்போதும், தராசைப் பிடிக்கும்போதும், அயலார் ஒருவர் வாயிலில் நிற்கும்போதும் ஒரு கணம் தரித்து, ஆண்டவர் இங்கிருக்கிறார் என்று நினைந்து, பின் செய்யவேண்டியதைச் செய்தல் யாவர்க்கும் இயலும். நாளைக் காலையிலேயே அதனைத் தொடங்குவோமாக.