இரண்டு மடங்கு என்றால் எவ்வளவு?
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நம்ம சேமிப்பு இரண்டு மடங்கு ஆயிடுச்சு" என்று சொன்னால் உடனே கை தட்டிவிடுவோமா? "முன்னே எவ்வளவு, இப்ப எவ்வளவு? நோட்டைக் காட்டுங்க" என்றுதான் கேட்போம். நூறு இருநூறு ஆனாலும் இரண்டு மடங்கு. லட்சம் இரண்டு லட்சம் ஆனாலும் இரண்டு மடங்கு. பணத்தில் இப்படிக் கணக்குக் கேட்கிற நாம், உடம்பைப் பற்றிய செய்தி வந்தால் கேட்பதில்லை. கேட்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறோம்.

1995 அக்டோபரில் அந்நாட்டின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. புதிய வகைக் கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு, இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் ஆபத்து பழைய வகையைவிட இரண்டு மடங்கு என்றது. பத்திரிகைகளும் டி.வி.யும் அதையே பெரிதாகச் சொல்லின. பயந்துபோன பல பெண்கள் மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் ஒருவருக்கு அந்தப் பாதிப்பு. புதிய மாத்திரையில் 7,000 பேரில் இரண்டு பேருக்கு. அதாவது, கூடியது 7,000 பேருக்கு ஒருவர். "இரண்டு மடங்கு" என்றது பொய் இல்லை; ஆனா பாதிக் கணக்குதான்.

இதன் விளைவாக வேண்டாத கர்ப்பங்கள் கூடின. அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் கொடுமை என்னவென்றால், கர்ப்ப காலத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையில் இருந்ததைவிட அதிகம்!

நம் ஊரில் கிடைக்கும் மாலா-டி, மாலா-என் இரண்டும் பழைய வகை. ஆனாலும் எந்த மாத்திரையும் எல்லோருக்கும் ஒத்துவராது. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

தப்பு பத்திரிகைக்காரர்களுடையது மட்டும்தானா? இங்கிலாந்தில் 20 பல்கலைக்கழகங்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பிய 462 அறிக்கைகளை எடுத்து ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். விலங்குகளிடம் செய்த ஆய்வை மனிதருக்கும் பொருந்தும் என்று அறிக்கையே ஊதிப் பெருக்கியபோது, 100 செய்திகளில் 86 அப்படியே எழுதின. அறிக்கை சரியாக இருந்தபோது 100-க்கு 10 செய்திகளே ஊதின. ஆக, ஆய்வு செய்கிற இடத்தில் ஒழுங்காகச் சொன்னால் செய்தியும் பெரும்பாலும் ஒழுங்காக வரும்.

ஆகவே சகோதரிகளே, "ஆய்வில் கண்டுபிடிப்பு" என்று செய்தி வந்தால் நான்கு கேள்வி கேட்போம்:

1. ஆய்வு எலியிடம் நடந்ததா, மனிதரிடமா?
2. எத்தனை பேரிடம், எத்தனை நாள் நடந்தது?
3. எத்தனை பேரில் எத்தனை பேருக்கு ஆபத்து? முன்பு எவ்வளவு, இப்போது எவ்வளவு?
4. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? அந்தப் பொருளை விற்கிறவரா?

செய்தியில் பதில் இல்லையென்றால், அதை நம்பி மருந்தை நிறுத்தவும் வேண்டாம், புதிதாக எதையும் வாங்கவும் வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ செய்தியைக் காட்டிக் கேளுங்கள். செல்போனில் வந்ததை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் முன்பும் இதையே செய்யுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒவ்வொரு குழுவும் தாங்கள் படிக்கும் பத்திரிகையின் ஆசிரியருக்கு ஒரு தபால் கார்டு போடுவோம். "மடங்கு, சதவீதம் என்று மட்டும் போடாதீர்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்றும் போடுங்கள்" என்று எழுதுவோம். வாசகர் கேட்டால்தான் அவர்களும் கணக்குப் பார்ப்பார்கள். இதை அடுத்த குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள்.

பணக் கணக்கு கேட்கப் பழகிவிட்டோம். உடம்புக் கணக்கும் கேட்போம்.