'நியூரோமான்சர்' படித்தவர்கள் சொல்வது



வில்லியம் கிப்சன் 1984-ல் எழுதிய 'நியூரோமான்சர்' என்ற விஞ்ஞான நாவலைப் படித்தவர்கள் ஒரே கட்சியாக இருந்து நான் பார்த்ததில்லை. "முப்பது பக்கம் தாண்ட முடியலப்பா, எதுக்குமே விளக்கம் கிடையாது" என்பார் ஒருவர். "ஹியூகோ, நெபுலா ரெண்டு விருதும் சும்மாவா கொடுத்தாங்க?" என்பார் அடுத்தவர். எலெக்ட்ரானிக்ஸ்காரர்கள் சிரிப்பது வேறு விஷயத்துக்கு. அதில் திருட்டு மெமரி என்று விற்கப் பார்ப்பது வெறும் மூன்று மெகாபைட்! இஸ்தான்புல் ஓட்டலில் கதாநாயகனைக் கூப்பிட, காசு போட்டுப் பேசும் டெலிபோன்கள் வரிசையாக மணியடிக்கின்றன. செல்போன் ஆசிரியருக்குத் தோன்றவே இல்லை. (மனுஷன் சாதாரண டைப்ரைட்டரில் எழுதியவர்.)

எனக்கு இதெல்லாம் குறையாகப் படவில்லை. கதாநாயகன் கேஸ் ஒரு கம்ப்யூட்டர் திருடன். முதலாளிகளிடமே கை வைத்ததால் அவர்கள் அவன் நரம்பைக் கெடுத்துத் தொழிலையே பறிக்கிறார்கள். பிறகு இன்னொருவன் வைத்தியம் செய்து சரியாக்குகிறான். கூடவே ரத்தக் குழாய்களில் விஷப் பைகளையும் வைத்துவிடுகிறான். சொன்ன வேலையை முடித்தால்தான் விமோசனம். வேலையில் சேரும்போது பாண்டில் கையெழுத்துப் போட்ட நமக்கு இது புரியாதா? கற்ற வித்தை நம்முடையதா, சம்பளம் கொடுப்பவருடையதா? பாதியில் மூடி வைத்தவர்கள் அந்த இடம் வரைக்குமாவது படியுங்கள். முதல் கால் பங்கிலேயே வந்துவிடுகிறது.