எந்தப் பட்டை?

கறுவா என்றால் என்ன, கறிக்கு ஏன் போடுகிறோம் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புறக்கோட்டையில் சரக்குக்கடை வைத்திருக்கிறவன் நான். கொஞ்சக் காலமாகக் கடைக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விதான் என்னைப் பேசவைத்திருக்கிறது. “ஐயா, சீனி குறைய எத்தனை கரண்டி கறுவாத்தூள் குடிக்கவேணும்?” “உடம்பு மெலியத் தேனில் குழைத்துச் சாப்பிடலாமோ?” எத்தனை, எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். எந்தப் பட்டை என்று ஒருவரும் கேட்பதில்லை.

எந்தப் பட்டை? அதுதான் முதற் கேள்வி. உலகச் சந்தையில் கறுவா என்ற பெயரில் விலைப்படுவதில் பெரும்பகுதி காசியா. சீனத்திலும் இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் விளைவது. தடித்த பட்டை, முறிக்கப் பலம் வேண்டும். நம்முடைய இலங்கைக் கறுவா கடதாசிக் கனம், அடுக்கடுக்காகச் சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம். தூளாக்கிவிட்டால் என்னாலும் முடியாது. ஆகவே சுருளாக வாங்கி வீட்டில் இடியுங்கள்.

காசியாவில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் சிலருக்கு ஈரலைத் தாக்கும். உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் ஏற்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு வரையறுத்திருக்கிறது. இலங்கைக் கறுவாவில் கூமரின் மிக மிகச் சொற்பம். கறியில் விழுகிற ஒரு துண்டைப் பற்றி நான் பேசவில்லை. தினமும் கரண்டி கரண்டியாக விழுங்குகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

சீனி குறையும் என்ற பேச்சு பெரிதாக எழும்பியது 2003இல். பாகிஸ்தானில் 60 நீரிழிவு நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வொன்றில் நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் கொடுத்ததே காசியா! பிறகு 2012இல் கொக்ரேன் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நீரிழிவுக்கு இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் தந்த குளிசையை விட்டுவிட்டு என் கடைக்கு வராதீர்கள்.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உரிக்கிற கை. கரந்தெனிய பக்கம் சரக்கெடுக்கப் போனால், கணக்கு முடிந்த பிறகும் உரிக்கிற கொட்டிலை விட்டு எனக்கு எழும்ப மனம் வராது. மழை பெய்து, சிவந்த கொழுந்து பச்சையாக மாறும் பருவத்தில்தான் பட்டை கழலும். தடிகளை வெட்டி வந்து, ஈரம் காய முன்னரே வேலையைத் தொடங்கவேணும். ஒரு அம்மா நிலத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார். முதலில் வெளித்தோலைச் சுரண்டுவார். அடுத்து பித்தளைக் கோலால் தடி முழுவதையும் அழுத்தித் தேய்ப்பார். பட்டை மரத்தை விட்டு இளகுவது அந்தத் தேய்ப்பில்தான். தேய்ப்புக் குறைந்தால் பட்டை கிழியும், கூடினால் நசியும். பிறகு சின்ன வளைந்த கத்தியால் சுற்றி ஒரு கீறல், நெடுக இரண்டு கீறல். கத்தி நுனியை உள்ளே விட்டு நெம்பினால் வாழைமடல் மாதிரிக் கழன்று வரும்.

அதோடு முடியவில்லை. உரித்த துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி, நடுவில் சிறு துண்டுகளை அடைத்து, 42 அங்குல நீளத்துக்கு ஒரே குழலாக்குவார்கள். வெயிலில் காயப் போடுவதில்லை. கூரைக்குக் கீழே கயிறு கட்டி நிழலில் உலர்த்துவார்கள். 6 மில்லிமீட்டர் விட்டத்துக்கு உட்பட்ட மெல்லிய குழல்தான் அல்பா, முதல் தரம். இயந்திரத்தால் அல்பா உருட்டியதை நான் கண்டதில்லை. மரம் நல்லதாக இருக்கலாம், மண் நல்லதாக இருக்கலாம். கை சரியில்லை என்றால் அல்பா இல்லை. திரும்பவும் சொல்கிறேன், கை சரியில்லை என்றால் அல்பா இல்லை.

இந்த உரிக்கிற வேலை பழையது. ஒல்லாந்தர் 1760களில் மருதானையில் கறுவாவைப் பயிராக நடும் வரைக்கும், உரிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட சாலாகம மக்கள் காட்டுக்குள் போய் உரித்து வந்ததுதான் சரக்கு. இன்று கொழும்பு கறுவாத்தோட்டத்தில் தூதரகங்கள் இருக்கின்றன, தோட்டம் இல்லை.

எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். ஒரு கடையில் கறுவா எண்ணெய் என்று எழுதிய போத்தலைத் திறந்தேன், கராம்பு வாசம்! அது இலை எண்ணெய். இலையில் இருப்பது பெரும்பாலும் யூஜினோல், கராம்பில் இருக்கும் அதே சரக்கு. பட்டை எண்ணெயில் சின்னமால்டிஹைடு. இரண்டும் ஒன்றல்ல, விலையும் ஒன்றல்ல. பட்டை எண்ணெயை நேரே தோலில் பூசினால் எரித்துவிடும். தண்ணீரில் சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள்.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் சிலோன் கறுவாவுக்குப் புவியியல் குறியீடு தந்தது. இலங்கைப் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது குறியீடு அது. சந்தோஷம். ஆனால் உரிக்க ஆள் இல்லாமல் தடி முற்றிப்போய் நிற்கும் தோட்டங்களையும் பார்க்கிறேன். பல இடங்களில் நாட்கூலி கிடையாது, உரித்ததன் விலையில் ஒரு பங்குதான். மழை பிழைத்தால் அதுவும் இல்லை. பிள்ளைகள் முச்சக்கர வண்டி ஓட்டப் போகிறார்கள், அவர்களை எப்படிக் குறை சொல்வது? ஆகவே அல்பாவுக்கு என் கடையில் பேரம் இல்லை.