ஆங்கிலத்தில் "ங்க" எங்கே?

(கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச வந்த விஷயம் பெரிய தத்துவமல்ல. சிறு பிள்ளைகளின் சங்கதி. 2021ஆம் வருஷத்தில், கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் திறந்துகொண்டிருந்த சமயத்தில், சர்க்கார் "இல்லம் தேடிக் கல்வி" என்று ஒரு திட்டம் கொண்டுவந்ததும், மாலை வேளைகளில் ஊருக்கு ஊர் தன்னார்வலர்கள் பாடம் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். அப்போது பிடித்த பழக்கந்தான், சோமனூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தோம். நாம் அவர்களுக்குக் கற்பித்தது கொஞ்சம். அவர்கள் நமக்குக் கற்பித்தது அதிகம். அதில் நாலு சங்கதிகளை மட்டும் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம்.

முதல் சங்கதி. ஒரு பையன் "ஐ கோ டு இஸ்கூல்" என்றான். வேடிக்கை பார்க்க நின்ற பெரியவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எதற்குச் சிரிக்க வேண்டும்? இன்னின்ன எழுத்தில்தான் ஒரு சொல் தொடங்கலாம் என்று தொல்காப்பியமே விதி வைத்திருக்கிறது. அந்த விதியைக் கொண்டுதான் பண்டிதர்கள் ராமனுக்கு முன்னால் ஒரு "இ" போட்டு இராமன் என்று எழுதுகிறார்கள். ராமனுக்கு "இ" போட்டால் இலக்கணம். ஸ்கூலுக்கு "இ" போட்டால் பட்டிக்காட்டுத்தனமா? ஸ்பெயின் தேசத்தார் பள்ளிக்கூடத்தை "எஸ்குவேலா" என்கிறார்கள். அவர்கள் நாக்குக்கும் முன்னால் ஓர் உயிரெழுத்து வேண்டியிருக்கிறது. அவர்களை எவனும் பட்டிக்காட்டான் என்று சொல்வதில்லை. சிரிக்கப்பட்ட பையனோ அப்புறம் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. ஒரு சிரிப்பு ஒரு வாரப் படிப்பைத் தின்றுவிட்டது.

இரண்டாவது. "சி, யூ, டி" என்றால் "கட்". "பி, யூ, டி" என்றால் மட்டும் "புட்" ஏன் என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். "அது அப்படித்தான்" என்று சொல்லிவிட்டோம். வீடு திரும்பிய பிறகு நமக்கே வெட்கமாகிவிட்டது. "அது அப்படித்தான், பெரியவர்கள் செய்து வைத்தது, கேட்கக் கூடாது" என்பது புரோகிதன் சொல்லும் பதிலல்லவா? பிறகு தேடிப் படித்து மறுநாள் சொன்னோம்: முன்காலத்தில் ஆங்கிலேயர் இரண்டையும் ஒரே மாதிரி "குட்", "புட்" என்றுதான் உச்சரித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் பல சொற்களின் உச்சரிப்பு மாறிற்று. "புட்" போன்ற சில சொற்கள் மாறாமல் நின்றுவிட்டன. எழுத்தோ ஒன்றுமே மாறவில்லை. வட இங்கிலாந்தில் இன்றைக்கும் இரண்டையும் ஒரே ஓசையில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காரணம் செத்த பிறகும் வழக்கம் சாகாமல் இருப்பதற்கு இது நல்ல உதாரணம். நம் ஈரோட்டிலிருந்து பெரியார் 1935இல் "குடி அரசு" பத்திரிகையில் தமிழ் எழுத்தைச் சீர்திருத்தி அச்சடித்தார். 1978இல் சர்க்கார் அந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது. இந்த ஒரு விஷயத்தில் ஆங்கிலேயன் நம்மிடம் பாடம் படிக்கலாம்.

மூன்றாவது. தகப்பனார் என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னோம். ஒரு பையன் எழுந்து, "மை ஃபாதர் ஈஸ் தறி" என்றான். "என் அப்பா ஒரு தறி" என்றாகிவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். "அப்பா தறியில் வேலை செய்கிறவர், தறியல்ல" என்று திருத்தினோம். அவன் யோசித்துவிட்டு, "காலையில எட்டு மணிக்குத் தறிக்குப் போனா ராத்திரி எட்டு மணிக்குத்தானுங் வருவாரு. வந்தாலும் காதுக்குள்ள தறிதான் ஓடுதும்பாருங்" என்றான். இலக்கணத்தைத் திருத்திவிட்டோம். அவன் சொன்ன உண்மையைத் திருத்த நம்மால் முடியவில்லை.

நிற்க. நாலாவதுதான் முக்கியமானது. ஒரு நாள் "யூ" என்ற சொல்லைப் படிப்பித்தோம். நீ என்றாலும் யூ, நீங்கள் என்றாலும் யூ என்றோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி, "ஏனுங் சார், அப்ப இங்கிலீசுல 'ங்க' எங்கீங்க இருக்குது?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "தோட்டத்துக்காரருக்கும் யூ, எங்க தாத்தாவுக்கும் யூ தானுங்களா?" என்றாள். ஆமாம் என்றோம். "தோட்டத்துக்காரர் பையன் எங்க தாத்தாவ 'டா' போட்டுத்தானுங் கூப்பிடறான். இங்கிலீசுல கூப்பிட்டா எப்படிங் கூப்பிடுவான்?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டுப் பேரப்பிள்ளையும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் அவளே வந்து சொன்னாள். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் "ஹவ் ஆர் யூ?" என்றாளாம். கிழவர் சட்டென்று எழுந்து, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "நல்லா இருக்கறனுங் சாமி" என்றாராம். சொந்தப் பேத்தியிடம்! அவள் அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தாள். தோழர்களே, நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயுள் முழுவதும் குனிந்த முதுகு, அதிகாரத்தின் ஓசை காதில் விழுந்தவுடன் யாரென்று கூடப் பார்க்காமல் தானாகவே குனிகிறதென்றால், அந்த முதுகுக்கு நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்?

சிறுமியின் கேள்விக்கு உண்மையான பதில் சரித்திரத்தில் இருக்கிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நீ, நீங்கள் இரண்டும் இருந்தன. "தௌ" என்றால் நீ. "யூ" என்றால் நீங்கள். பெரிய மனிதனுக்கு யூ, வேலைக்காரனுக்குத் தௌ. 17ஆம் நூற்றாண்டில் குவேக்கர்கள் என்ற கூட்டத்தார் எல்லா மனிதரும் சமம் என்று சொல்லி, நீதிபதியைக்கூடத் தௌ என்றே அழைத்தார்கள். அதற்காக அடிபட்டார்கள், சிறை சென்றார்கள். கடைசியில் சாதாரணப் பேச்சில் இரண்டில் ஒன்று செத்தது. எது செத்தது? "நீ" செத்தது; "நீங்கள்" நின்றது! ஆகவே அந்தச் சிறுமியிடம் சொன்னோம்: "கண்ணு, இங்கிலீசில் 'ங்க' இல்லாமலில்லை. அந்த 'யூ'வுக்குள்ளேயே இருக்கிறது. உன் தாத்தாவுக்கும் சேர்த்துத்தான் இருக்கிறது."

இதைக் கேட்டு ஆங்கிலத்துக்குக் கற்பூரம் காட்டக் கிளம்பிவிடாதீர்கள். 2010இல் உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்ற ஊரில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆங்கிலத்தை ஒரு தேவியாக்கிக் கோயில் கட்ட முனைந்தார்கள். அவர்கள் தாகம் நியாயமானது, கோயில்தான் வேண்டாதது. எல்லோரையும் யூ என்ற அதே வெள்ளைக்காரன், இங்கே வந்து நரைத்த தலைக் கிழவனை "பாய்" என்று கூப்பிட்டு வேலை வாங்கினான். மொழி தானாக யாருக்கும் மரியாதை வாங்கிக் கொடுக்காது; பேசுகிற மனிதன் மாற வேண்டும். மொழி ஒரு கருவி. கருவியைப் பழகுங்கள், கும்பிடாதீர்கள்.

கொங்கு நாட்டின் "ங்க" மரியாதை ஊரறிந்தது. நாமும் அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் அந்த "ங்க" கீழேயிருந்து மேலே ஏறியதே தவிர, மேலேயிருந்து கீழே இறங்கியதா? 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஒட்டிய ஜாதி வாலை வெட்டத் தீர்மானித்தோம். கூப்பிடும் சொல்லில் ஒட்டியிருக்கும் வாலை இன்னும் முழுதாக வெட்டவில்லை. அதை வெட்ட ஆங்கிலம் படிக்க வேண்டியதில்லை. காசு பணம் வேண்டியதில்லை. நாளைக் காலையில் வேலைக்கு வருகிற பெரியவரை "வாங்க" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அதைச் சொல்லும் உங்களை உங்கள் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதுதான் அவர்களுக்கு முதல் பாடம்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். இல்லையென்றால் அந்தச் சிறுமியைப் போல எழுந்து கேள்வி கேளுங்கள்.