வயிரவன் என்னும் திருநாமம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

நகரத்தார் பெருமக்களே! தாய்மார்களே!

‘பைரவன்’ என்னும் வடசொல்லே தமிழில் ‘வயிரவன்’ என்றாயிற்று. பிறரிடத்தில் அருமையான இப்பெயர் நம் இல்லங்களில் நெடுங்காலமாய் வழங்குகின்றது. காரணம் யாதெனில், நம் ஒன்பது கோயில்களுள் ஒன்று வயிரவன்பட்டியிலுள்ளது. அங்கே மூலவர் வளரொளிநாதராயினும், ஊருக்குப் பெயரளித்தவர் வயிரவரே.

பாட்டனார் பெயரைப் பேரனுக்கிடும் வழக்கமே இந்நாமத்தைக் காத்தது. ‘பெயரன்’ என்பதன் திரிபன்றோ ‘பேரன்’? மாமனார் பெயரைச் சொல்லக் கூசும் மருமகள், மகனை வீட்டில் வேறு பெயரால் அழைப்பாள். ஏட்டிலோ அவன் வயிரவனே.

இன்று புதுப்பெயர்களில் மோகம் மிகுந்துவிட்டது. ஐயா பெயரை இப்பேரனுக்கு இடாவிடின், இவன் பேரனுக்கு இட அப்பெயர் எவரிடமும் இராது. ஆதலின், அழைக்கப் புதுப்பெயர் வைப்பினும், ஏட்டில் ஐயா பெயரையே எழுதுங்களென வேண்டி அமர்கின்றேன்.