எந்த ஒயில் வாங்குவது?



தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினவர்கள் நாங்கள். அதனாலோ என்னவோ, "எந்த ஒயில் விட்டாலும் கார் ஓடும்" என்ற எண்ணம் எங்களில் பலருக்கு இன்னமும் இருக்கிறது. ஓடும்தான். ஆனால் என்ஜின் தேய்வது உடனே தெரியாது.

மொபில் 1, காஸ்ட்ரோல் எட்ஜ், 1926இல் மெல்பேணில் தொடங்கிய பென்றைட், இவற்றில் எது திறம் என்று கேட்கிறீர்கள். பெயரைப் பார்க்க முதல் காரின் கையேட்டைப் பாருங்கள். 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 என்று ஏதாவது இருக்கும். முதல் எண் குளிரில் ஒயில் ஓடும் தன்மை; இரண்டாவது சூட்டில் அதன் தடிப்பு. கூடவே ஏ.பி.ஐ. அல்லது ஏ.சி.ஈ.ஏ. தரக் குறியீடும் இருக்கும். இரண்டும் பொருந்தினால், மலிவு விற்பனையில் கிடைப்பதை வாங்குங்கள்.

"முழுச் சிந்தெற்றிக்" என்ற சொல்லுக்கு மயங்க வேண்டாம். 1999இல் அமெரிக்காவில் காஸ்ட்ரோல் மீது மொபில் முறையிட்டது. நன்கு சுத்திகரித்து மாற்றிய கனிய எண்ணெயையும் அப்படி விளம்பரம் செய்யலாம் என்றே விளம்பரக் கண்காணிப்புப் பிரிவு முடிவு சொன்னது.

கெல்லிவில்லுக்கு 2019இல் மெட்ரோ வந்தபின் என் கார் கடைக்கும் கோயிலுக்கும்தான் போகிறது. ஓட்டம் குறைவென்று ஒயில் மாற்றாமல் விட்டேன். வடித்தபோது தார் போல வந்தது. கிலோமீற்றர் ஆகாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்கில் மாற்றுங்கள்.

கணக்காளன் கடைசியாகச் சொல்வது: பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாதம் கேட்கும்போது அதுதான் சாட்சி.