மண்ணுக்குள்ள போட்ட வாயு வெளிய வராம இருக்க என்ன வழி?

இன்னைக்கு ஸ்ட்ராபெர்ரி பத்திப் பேசலாம். பழத்தைப் பத்தி இல்ல, அந்தச் செடியை நடுறதுக்கு முன்னாடி மண்ணுக்கு என்ன பண்றாங்கங்கிறதைப் பத்தி.

அமெரிக்காவில் விளையும் ஸ்ட்ராபெர்ரியில் சுமார் 90 சதவீதம் கலிபோர்னியாவில் இருந்துதான் வருது. வாட்சன்வில், ஆக்ஸ்னார்டு மாதிரி ஊர்களில் வயலை ஒட்டியே வீடு, ஸ்கூல் எல்லாம் இருக்கு. நடவுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள ஒரு நச்சு வாயுவைச் செலுத்தி, நூற்புழு, பூஞ்சை, களை விதை எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க. பிரச்சினை என்னன்னா, வாயு மண்ணுக்குள்ளயே நிக்காது. மேல வரும். அங்க வேலை செய்யறவங்க, பக்கத்துல குடியிருக்கிறவங்கதான் அதைச் சுவாசிக்கணும்.

முதல்ல மீத்தைல் புரோமைடு இருந்தது. அது ஓசோன் படலத்தை அரிக்குதுன்னு தெரிஞ்சு, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளர்ந்த நாடுகள் 2005-ல் நிறுத்தணும்னு முடிவாச்சு. ஸ்ட்ராபெர்ரி வயலுக்கு விலக்கு வாங்கி வாங்கி 2016 வரைக்கும் ஓட்டினாங்க. நடுவுல 2010-ல் மீத்தைல் அயோடைடுக்கு கலிபோர்னியா அனுமதி கொடுத்தது. கடும் எதிர்ப்பு வந்து, 2012-ல் தயாரிப்பாளரே அதைச் சந்தையில் இருந்து எடுத்துட்டாங்க. இப்ப முக்கியமா இருக்கறது ரெண்டு. ஒண்ணு குளோரோபிக்ரின். முதல் உலகப் போர்ல வீசின அதே கண்ணெரிச்சல் வாயு! இன்னொண்ணு 1,3-டைகுளோரோபுரோப்பீன். இது புற்றுநோய் உண்டாக்கக்கூடியதுன்னு கலிபோர்னியாவே பட்டியல்ல வெச்சிருக்கு. 1990-ல் மெர்செட் பகுதிக் காத்துல அளவு ரொம்ப அதிகமா இருந்ததால இதை நிறுத்தினாங்க, 1995-ல் கட்டுப்பாடுகளோட திரும்ப விட்டாங்க.

சரி, தப்பிக்கிற வாயுவை வழியிலேயே உடைச்சிட்டா? 1990-களின் பிற்பகுதியில் ரிவர்சைடில் இருக்கிற அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் இதைத்தான் யோசிச்சாங்க. அவங்க எடுத்தது அம்மோனியம் தயோசல்ஃபேட். புது ரசாயனம் ஒண்ணுமில்ல, விவசாயிகளுக்குத் தெரிஞ்ச திரவ உரம்தான். அதைத் தண்ணில கலந்து மண்ணோட மேல்பரப்புல தெளிக்கணும். கீழ இருந்து வாயு மூலக்கூறு மேல ஏறி வரும்போது, தயோசல்ஃபேட்டில் இருக்கிற கந்தகம் அதோட கார்பன்ல போய் ஒட்டிக்கும். அங்க இருந்த குளோரினோ புரோமினோ கழண்டு, சாதாரண உப்பு அயனியா மண்ணுல தங்கிடும். மீதிப் பகுதியும் மின்னூட்டம் உள்ள உப்பாகிடுது. தண்ணில கரையும், ஆவியாகிப் பறக்காது. பஸ்ல சீட் பிடிக்கிற மாதிரிதான்: ஒருத்தர் உள்ள வந்ததும் இன்னொருத்தர் இறங்கணும்.

எனக்குப் பிடிச்ச விஷயம், இதை மேல்பரப்புல மட்டும் வெக்கணும்ங்கறதுதான். ஆழமா கலந்துட்டா, புழுவைக் கொல்றதுக்கு முன்னாடியே வாயு உடைஞ்சிடும். விவசாயிக்குப் போட்ட காசு வீண். மண்ணும் ஈரமா இருக்கணும், ஏன்னா வினை நடக்கறது தண்ணிக்குள்ள.

வாயு புகாத பிளாஸ்டிக் விரிப்பும் போடலாம், அதுவும் நல்லா அடக்கும். ஆனா அது வாயுவை உடைக்கிறதில்ல, பிடிச்சு மட்டும் வெக்குது. உள்ள இருக்கறது மண்ணுல தானா சிதையறதுக்கு முன்னாடி விரிப்பைக் கிழிச்சா, மிச்சம் மொத்தமா வெளிய வரும். அந்த நேரத்துல வயல்ல நிக்கிறவர் விரிப்பைக் கிழிக்கிற தொழிலாளிதான்.